பெடல் கெட்டியாக இருந்ததா?

நாகரசம்பட்டி
10.6.2007

மோகனாவுக்கு,

அண்ணன் கமலக்கண்ணன் எழுதுவது. நலமா என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது நலம் விசாரித்தால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பர்கூரில் என் கிரானைட் பட்டறை சுமாராக ஓடுகிறது. கையில் கொஞ்சம் காசு புரண்டதும் ஒரு பழைய எஸ்டீம் கார் வாங்கினேன். பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் மாதம் ஒரு ஞாயிறு ஓட்டுகிறேன். போட்டியெல்லாம் இல்லை. பணம் கட்டினால் நம் வண்டியை நாமே நாள் முழுக்க ஓட்டலாம், டிராக் டே என்கிறார்கள். அப்பா இதற்கு வைத்திருக்கிற பெயர் பைத்தியம்.

போன மாதம் பெரிய நேர்ப்பாதை முடிகிற வளைவில் பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. மண்ணில் இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து அந்த வளைவு கனவில் வருகிறது. அத்திப்பள்ளியில் ஒரு கடைக்காரன் துளை போட்ட டிஸ்க், சிவப்பு பெயின்ட் அடித்த காலிப்பர் என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் என் தலையில் கட்டப் பார்க்கிறான். அவன் சொல்கிற விலைக்குக் குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு ஜோடி மாடு பிடித்துவிடலாம்.

நீ ஓசூரில் பிரேக் பேடு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பதாக உன்னோடு பர்கூர் காலேஜில் படித்த பையன் சொன்னான். நான் என்ன பிரேக் போடட்டும்? உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்க? உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அடிக்கத்தான் தைரியம் வரவில்லை.

உன் வீட்டில் இருப்பவரிடமும் கேட்டதாகச் சொல்.

கமலக்கண்ணன்


ஓசூர்
19.6.2007

அண்ணா,

உன் கடிதத்தில் பிரேக் இருக்கிறது, மாடு இருக்கிறது, அத்திப்பள்ளிக் கடைக்காரன் இருக்கிறான். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. சரி, பிரேக்காவது என்னை உனக்கு ஞாபகப்படுத்தியதே.

“உன் வீட்டில் இருப்பவர்” என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு மேக்ஸ்வெல் என்று பெயர். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது, அதற்கு எவாஞ்சலின் என்று பெயர். என் மாமியார் பெயர் கிருபாராணி. மருமகள் இந்துப் பெண் என்று அவருக்கும் குறை இருந்தது. ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ஃபோன் செய்யாதே. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று உனக்கு நான் அடித்தபோது “அப்பா பக்கத்துல இருக்கறாரு” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது.

இனி உன் பிரேக். டாக்டரிடம் போனால் எங்கே வலி என்றுதான் முதலில் கேட்பார். அந்த வளைவில் பெடல் எப்படி இருந்தது? பஞ்சு போல அடிவரை இறங்கியதா, அல்லது கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். பெடல் இறங்கினால் குழாயில் இருக்கிற பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று பொருள். பெடல் கெட்டியாக இருந்தும் நிற்காவிட்டால், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கைப் பிடிக்கிற பேடு தன் பிடியை விட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் என்ன போடட்டும் என்று கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

துளை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு. சூடு ஏறி ஏறித் தணிந்தால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். எங்கள் சோதனை மெஷினில் எத்தனையோ பார்த்தாயிற்று.

மோகனப்ரியா


நாகரசம்பட்டி
1.7.2007

அன்புள்ள மோகனாவுக்கு,

நீ திட்டியதெல்லாம் நியாயம். ஃபோனை வைத்தவன் நான்தான். அதற்குச் சமாதானம் எதுவும் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம்தான் மாறிக்கொண்டே போகிறது. அப்பா ஃபேக்டரியிலிருந்து ஓய்வு வாங்கி வந்து மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் முப்பது வருஷ லேத்காரப் புத்தி போகவில்லை. மண்வெட்டி, கொடுவாள், கிணற்று மோட்டார் போல்ட் வரைக்கும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைப்பார். துரு என்றால் அவருக்கு ஜென்ம விரோதி. உன் பெயரை அவர் சொல்வதில்லை. ஓசூர் பஸ் போனால் மட்டும் போர்டை எட்டிப் பார்க்கிறார்.

பெடல் அடிவரை இறங்கியது. பஞ்சு என்று எழுதியிருந்தாயே, அதேதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய்.

குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்பு. நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
கண்ணன்


ஓசூர்
16.7.2007

அண்ணா,

போட்டோ உள்ளே இருக்கிறது. பீரோவில் ஒளித்து வைக்காதே, அம்மாவுக்காவது காட்டு.

நீ செய்ய வேண்டியது இது. பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு, அதிகச் சூடு தாங்குகிறதை ஊற்று. இப்போது இருக்கிற வெறும் டிஸ்கே போதும், புதிதாகப் போடு. முன் பம்பரிலிருந்து சக்கரத்துக்குக் காற்று போகிற மாதிரி ஒரு குழாய் இழுத்துவிடு. பேடை அமுக்குகிற காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கத் தோன்றினால் அடித்துக்கொள், அதனால் கெடுதல் இல்லை.

பேடு நான் தருகிறேன். எங்கள் கம்பெனியில் டிராக் வண்டிகளுக்கென்று சோதனைக்காக ஒரு லாட், ஒரே தொகுதியாகக் கொஞ்சம் பேடு, போட்டோம். மேனேஜரிடம் சொல்லி உன் வண்டி அளவுக்கு ஒரு செட் வாங்கியிருக்கிறேன். மெஷினில் நானே வைத்துப் பார்த்தேன். டிஸ்க் சிவந்து போகிற சூட்டிலும் பிடியை விடவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. இது சூடேறினால்தான் பிடிக்கும். ஆறியிருக்கும்போது கட்டை மாதிரி வழுக்கும். இதைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் இறங்கினால் நேராகக் கிரானைட் லாரிக்கு அடியில்தான் போவாய். டிராக்கில் போய் மாட்டு, முடிந்ததும் அங்கேயே கழற்று. வீட்டில் தனியாக எடுத்து வை. செய்வேன் என்று எழுதிக் கொடு.

மேக்ஸ்வெல் தானே கொண்டு வந்து கொடுப்பதாகச் சொல்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மோகனா


நாகரசம்பட்டி
6.8.2007

அன்புள்ள மோகனாவுக்கு,

சத்தியமாக, டிராக்கில் மாட்டி டிராக்கில் கழற்றுகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், போதுமா?

மாப்பிள்ளை வந்தார். ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதுகிறேன். நான் அவரை அடையாளம் தேடி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து “மச்சான், ஒங்க தங்கச்சி மூக்குதான் ஒங்களுக்கும்” என்றார். டீ குடித்தோம். டூல் ரூமில் வேலை பார்க்கிறவர், ஆனால் கார் என்றால் என்னைவிடப் பெரிய பைத்தியம். நாம் இழந்தது மூன்று வருஷம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

நேற்று டிராக்கில் உன் பேடைப் போட்டு ஓட்டினேன். அதே வளைவில் மிதித்தேன். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றது. நாள் முழுக்க நின்றது. வெளியே வந்து ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், பயத்தில் இல்லை.

பேடைக் கழற்றி, ஷெட்டில் மேல் பலகையில் தனியாக வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையை ஒரு நாள் டிராக்குக்கு அனுப்பு.

கண்ணன்


நாகரசம்பட்டி
23.10.2007

அன்புள்ள மோகனாவுக்கு,

உனக்கு ஒரு நல்ல சேதி.

ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். மேல் பலகையில் இருந்த பேடைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எத்தனை நாளைக்கு மூடி வைப்பது என்று சொல்லிவிட்டேன். மோகனா செய்தது, அவள் கம்பெனியில், அவளே சோதனை போட்டு அனுப்பியது என்றேன்.

ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “பாப்பா செஞ்சதா? அப்ப நீ உடு, நானே எடுத்து வெக்கறன்” என்றார். பாப்பா என்று சொன்னார், மோகனா. அவருடைய லேத் மெஷினுக்கு ஒவ்வொரு வருஷமும் எப்படிச் செய்வாரோ அப்படியே ஒவ்வொன்றையும் துடைத்து, வாழை இலையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தார். ஸ்பானர் எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டது, உன் பேடுதான் நடுவில் இருந்தது. தீபாராதனை காட்டும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவாஞ்சலின் போட்டோவையும் இனி மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் நாலாம் தேதி ஞாயிறு டிராக்குக்குப் போகிறேன். மாப்பிள்ளையை அனுப்பு. மத்தியானத்துக்கு மேல் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து ஓட்ட விடுவார்கள். திரும்பும்போது நாகரசம்பட்டிக்குக் கூட்டிப் போகிறேன். அப்பாவே “வரட்டும்” என்றார்.

கண்ணன்


ஓசூர்
29.10.2007

என் அருமை அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்தது, அத்தை வந்து அடுப்பை அணைத்தார். பாப்பா என்றா சொன்னார்? சத்தியமாகவா?

அந்த மனிதர் எனக்குச் சந்தனம் குங்குமம் வைத்த மாதிரி இருக்கிறது. மூன்று வருஷத்தை அந்த வாழை இலையில் வைத்துத் துடைத்துவிட்டார். இனி அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன்.

மேக்ஸ்வெல் நாலாம் தேதி வருகிறார். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் கார் ஓட்டவா என்று அத்தைக்குக் கோபம். “மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போறேம்மா” என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டார். புதுச் சட்டை எடுத்திருக்கிறார், அப்பாவுக்கு ஒரு வேட்டியும். அடுத்த முறை நானும் குழந்தையோடு வருகிறேன்.

ஹெல்மெட் போடாமல் அவரை உட்கார வைக்காதே.

உன் தங்கை
மோகனா


கிருஷ்ணகிரி
26.11.2007

மோகனா,

இது நான் ஆஸ்பத்திரியிலிருந்து போடுகிற மூன்றாவது கடிதம். முன்னால் போட்டதற்குப் பதில் இல்லை. இதற்கும் இருக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எனக்குத் தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். நான் பிழைத்தேன், அவர் பிழைக்கவில்லை. சுவரில் மோதியது அவர் பக்கம். நான் ஓட்டினேன், அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இதை எத்தனை விதமாக எழுதினாலும் இதுதான் வருகிறது.

அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. அப்பா வந்தார். அவருக்கு அந்த வேட்டி வந்து சேர்ந்தது, போலீஸ்காரர்கள் கொடுத்த பையில் இருந்தது.

நீ என்னைத் திட்டியாவது எழுது.

கண்ணன்


ஓசூர்
9.1.2008

கமலக்கண்ணனுக்கு,

கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே அப்பா நின்றதைப் பார்த்தேன். உள்ளே வரத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. நான் போய்க் கூப்பிடவில்லை.

வேலைக்குத் திரும்பப் போகிறேன். அத்தை என்னிடம் சண்டை போடுவதில்லை. சாப்பாடு போடும்போது மட்டும், “நீ குடுத்த பிரேக்குதான எம்புள்ளயக் கொண்டு போச்சு” என்கிறார். ஒவ்வொரு வேளையும் அதைக் கேட்டுத்தான் சாப்பிடுகிறேன். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும். நான் செய்த பேடு அவரைக் கொன்றதா இல்லையா என்று தெரியாமல் என்னால் அந்த மெஷின் முன்னால் போய் நிற்க முடியாது.

ஒரே கேள்வி. பெடல் கெட்டியாக இருந்ததா, இறங்கியதா?

போலீஸ் வண்டியை விட்டிருந்தால் முன் சக்கரங்களின் பேடைக் கழற்றித் துணியில் சுற்றி அனுப்பு. துடைக்காதே.

மோகனப்ரியா


நாகரசம்பட்டி
17.1.2008

மோகனா,

பேடைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நொறுங்கிய வண்டி ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. பட்டறைப் பையன்தான் கழற்றினான், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பெடல் கெட்டியாக இருந்தது. கல் மாதிரி இருந்தது. முழு பலத்தோடு மிதித்தேன், ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். பெடல் அசையவில்லை, வண்டியும் நிற்கவில்லை.

நீ கேட்காததையும் எழுதிவிடுகிறேன். நான் தனியாக ஓட்டிச் சூடேற்றிய சுற்றுகளில் பிரேக் சுமாராகப் பிடித்தது. கொஞ்சம் மந்தம் என்று பட்டது, சூடேறினால் சரியாகும் என்று நீ சொன்னதை நினைத்துக்கொண்டேன். பிறகு அவரை ஏற்றிக்கொண்டேன். இரண்டு பேர் பாரம், வேகமும் கூட. குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். அந்த நேர்ப்பாதையில் போகும்போது, “மச்சான், வெளக்க அமத்துன மாதிரி ஒரு வாசம் வருதே” என்றார். எனக்கும் வந்தது. வெளியே எங்கோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வளைவு வந்தது. அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கண்ணன்


ஓசூர்
8.2.2008

அண்ணா,

பார்த்துவிட்டேன்.

அதே லாட்டில் மிச்சம் இருந்த பேடை முதலில் மெஷினில் வைத்தேன். ஜூலையில் எப்படிப் பிடித்ததோ அப்படியே பிடித்தது. பிறகு நீ அனுப்பியதை வைத்தேன். ஆறியிருந்தபோது ஏதோ பிடித்தது. சூடு ஏற ஏறப் பிடி இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றுமே இல்லை. பேடு பார்க்கத்தான் கல். உள்ளே நுண்ணிய துளைகள் உண்டு, எதைத் தடவினாலும் குடித்துவிடும். மேலே துடைத்தால் போகாது. சூடேறும்போது வியர்வை மாதிரி வெளியே கசியும்.

என்னோடு வேலை பார்க்கிற வீரலட்சுமி மூக்கை உறிஞ்சி, “என்னக்கா, கோயில் வாசன வருது” என்றாள். நல்லெண்ணெய். நாலு பேடிலும் நல்லெண்ணெய், இரண்டு பக்கமும். வழியில் சிந்தியது இல்லை. யாரோ பொறுமையாக, ஒன்று விடாமல் தடவியிருக்கிறார்கள்.

யார் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்க வேண்டியதில்லை. உன் அக்டோபர் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். லேத் மெஷினுக்குச் செய்வது போலத் துடைத்தார் என்று நீ எழுதியிருக்கிறாய். அவர் லேத்தை எதைப் போட்டுத் துடைப்பார் என்று எனக்குத் தெரியாதா? ஆயுத பூஜை அன்று அந்த எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பின்னால் தூக்கிக்கொண்டு போனவள் நான்தானே. அந்தக் கடிதத்தைப் படித்து அடுப்படியில் அழுதேன். அப்பாவை மட்டும்தான் படித்தேன். பேடைப் படிக்கவில்லை. ஒரு வரி, “அதைப் போடாதே, வேறு தருகிறேன்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இருந்தது ஒரு வாரம்.

பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது என்று ஜூலையிலேயே எழுதியிருக்கலாம். ஓசூரில் சைக்கிள் விடுகிற பிள்ளைக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டேன்.

அவருக்குத் தெரியுமா?

மோகனா


நாகரசம்பட்டி
15.2.2008

மோகனா,

தெரியாது.

அவர் வண்டி ஓட்டிப் பழகியவர் இல்லை. சைக்கிளும் பஸ்ஸும் தவிர எதுவும் அறியார். அவருக்கு அது பிரேக்காகத் தெரியவில்லை. பேடின் முதுகில் இரும்புத் தகடு இருந்தது, ஓரத்தில் லேசாகத் துரு இருந்தது, மகள் செய்த சாமான். அவர் வேறு என்ன செய்வார்?

எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. எண்ணெய் மின்னியதை நான் பார்த்தேன். டிராக்குக்குப் போவதற்கு முன் சந்தனத்தைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். மேலே காய்ந்து போனதும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் தூக்கிப் போடு என்பாய். அப்பா முதல் தடவையாக உன் பெயரைச் சொல்லித் தொட்ட பொருளை எப்படித் தூக்கிப் போடுவது என்று இருந்தது. இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு வக்காலத்து இல்லை.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா சொல்கிறார்: “எங்கையால எண்ண தொட்டுத் தொடச்சு, பொட்டு வெச்சு எடுத்துக் குடுத்தனுங்க. அப்படியும் சாமி கண்ணத் தொறக்கல பாருங்க.” பக்கத்துத் தோட்டக்காரர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் பர்கூரிலிருந்து என் லாரி டிரைவர் வந்தான். அவன் அதைக் கேட்டதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்பாவை விட்டு நான் நகர்வதில்லை. கால் சரியாகவில்லை என்று சொல்லி வீட்டிலேயே கிடக்கிறேன்.

கண்ணன்


நாகரசம்பட்டி
22.5.2008

மோகனா,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. நீ எழுதாவிட்டாலும் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா ஓசூருக்கு வர வேண்டும் என்கிறார். உன் மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், மூன்று வருஷம் மருமகனை வாசலில் ஏற்றாததற்கு. பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். “அவ என்ன ஏசுனாலும் ஏசட்டும், நான் போறன்” என்கிறார். சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். இந்த வருஷம் தாண்டுவாரா என்று அம்மா பயப்படுகிறாள்.

எதற்கும் உன்னைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். தோப்பில் முதல் அறுவடை. கூடை கட்டிப் பஸ்ஸில் போட்டிருக்கிறேன். அப்பாவே பறித்து அடுக்கியது.

எப்போது அழைத்து வரட்டும்?

கண்ணன்


ஓசூர்
30.5.2008

அண்ணா,

அப்பாவை அழைத்து வராதே.

கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட யாராவது கிடைப்பார்களா என்று இந்த மூன்று மாதமும் தேடிவிட்டேன். உன்மேல் கொஞ்சம் இருக்கிறது, என்மேல் நிறைய இருக்கிறது. அவர்மேல் வைக்க இடமில்லை.

அவர் இங்கே வந்தால் அத்தை முன்னால் உட்கார்ந்து அதையே சொல்வார். அத்தைக்குப் புரியாது. ஆனால் மேக்ஸ்வெல்லோடு வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் இன்னும் வந்து உட்காருகிறார்கள். இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் வண்டிச் சாமான் செய்கிறவர்கள். எண்ணெய் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் தலை நிமிரும். நீ கும்பிட்டு எத்தனை பேரை வெளியே அனுப்புவாய்? அவர்கள் முகத்தைப் பார்த்து அப்பா புரிந்துகொள்வார். யாருமே இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார எனக்குத் திராணி இல்லை, அண்ணா. சொல்லிவிடுவேன்.

மூன்று வருஷம் அந்த வீட்டு வாசல் திறக்காதா என்று ஏங்கினேன். இப்போது திறந்திருக்கிறது. நான் சாத்துகிறேன்.

மோகனா இன்னும் மனம் மாறவில்லை என்று சொல். அவரைப் போலவே பிடிவாதம் பிடித்தவள் என்று நினைக்கட்டும், பழிக்குப் பழி வாங்குகிறாள் என்றே நினைக்கட்டும். தான் துடைத்து வைத்ததால்தான் என்று தெரிந்து ஒரு நாள் இருப்பதைவிட, மகள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போவது அவருக்குச் சுலபம்.

சோதனையில் என்ன தெரிந்தது என்று அத்தை கேட்டார். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அது எனக்குப் பழகிவிட்டது. சோற்றோடு இறங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசு. மாம்பழ விலையைப் பேசு. கடைசிவரை பக்கத்தில் இரு.

கூடை வந்து சேர்ந்தது. பழத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை, காம்புப் பால் கறை இல்லை. ஒவ்வொன்றையும் அவர் துணியால் துடைத்துத்தான் அடுக்கியிருக்கிறார் என்று பிரித்ததுமே தெரிந்தது. அத்தை கழுவி எடுத்து வரச் சொன்னார். நான் கழுவவில்லை. அப்படியே நறுக்கிப் பாப்பாவுக்குக் கொடுத்தேன்.

மோகனா